வெள்ளி இல்லாத வெள்ளி எஃகு

தாத்தா விட்டுச்சென்றவற்றில் என் கைக்கு வந்தது ஒரு மடக்குச் சவரக் கத்தி மட்டும்தான். பாட்டியின் தகரப் பெட்டியில், சிவப்பு அடையாளக் கார்டுக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவில், பழைய கைலித் துணியில் சுற்றிக் கிடந்தது. கைப்பிடி கறுப்பு. கத்தியின் வால்பகுதியில் கம்பெனியின் பெயர் தேய்ந்து போயிருந்தது. அதன் கீழே ‘ஷெஃபீல்ட்’, ‘இங்கிலண்ட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் படிக்க முடிந்தது. அலகின் மேல் சாய்வெழுத்தில் இன்னொன்று: ‘சில்வர் ஸ்டீல்’.

“அதுல வெள்ளி கலந்திருக்குடா. அதான் துருவே புடிக்கல,” என்றார் பாட்டி.

முதுகுப் பக்கம் நன்றாகவே துருப்பிடித்திருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

பழைய கத்திகளைச் சேர்ப்பவர்கள் இந்த முத்திரைகளை வைத்தே காலத்தைக் கணிப்பார்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு ஷெஃபீல்ட் என்று ஊர்ப்பெயர் போட்டாலே போதுமாக இருந்தது. அதனால் ‘இங்கிலண்ட்’ என்றும் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1890க்குப் பிந்திய கத்தி. தாத்தா முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறியது 1930களில். கத்தி அவரைவிட மூத்ததாக இருக்கலாம். அது அவரிடம் எப்படி வந்தது என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது ஒன்று. ஈப்போவில் அடகுக்கடையில் மீட்காமல் கிடந்ததை வாங்கினார் என்பது மற்றொன்று. நான் அடகுக்கடைக் கதையை நம்புகிறேன். துரைமார் அன்பளிப்புக் கதைகள் நம் குடும்பங்களில் அளவுக்கு அதிகமாகவே இருக்கின்றன.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முடிவெட்டினார். இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. வீட்டில் யார் கேட்டாலும் “தோட்டத்துல வேலை” என்பதுதான் பதில். பால்மரம் வெட்டினாரா, கிராணியா, தண்டலா என்று யாரும் மேலே கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே அப்படிச் சொல்லப்பட்ட பதில் அது. பள்ளியில் கணக்குப் பாடத்தில் தப்பு செய்தால் “இத்தனை நாளா என்னத்த செரச்ச?” என்று வாத்தியார் கேட்பார், வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஒரு தொழிலின் வினைச்சொல்லையே வசவாக வைத்திருக்கிற மொழியில், அந்தத் தொழில் செய்தவரின் பேரன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கு ஆசை வரும்? 

கத்தியை என்ன செய்வது என்று தெரியாமல், அதைக்கொண்டு சவரம் செய்யக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அது சுலபமில்லை. வெந்நீரில் முகத்தை ஊறவைத்து, பிரஷ்ஷால் சோப்பு நுரை பூசி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அலகை முகத்தோடு ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, முடி வளரும் திசையிலேயே இறக்க வேண்டும். படுக்கப் போட்டால் முடியைப் பிடுங்கும், நிமிர்த்தினால் தோலை வெட்டும். இடது கன்னத்துக்கு எந்தக் கையைப் பயன்படுத்துவது என்பது தனிப் பிரச்சினை. முதல் முறை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். அலுவலகத்தில் பூனை பிறாண்டியது என்றேன்.

அதைவிடக் கஷ்டம் கூர் காப்பது. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல்வாரில் தீட்ட வேண்டும். நான் வாரைக் கதவுப்பிடியில் மாட்டி, கத்தி தீட்டுகிறவர்களை சினிமாவில் பார்த்த நினைவில், கூர்முனையை முன்னால் தள்ளினேன். தோல் கிழிந்தது. அப்பா வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கினார். “முதுகு முன்னால போவணும். திரும்பும்போது முதுகு மேலயே பெரட்டணும், முதுகு தோலை விட்டு எந்திரிக்கக் கூடாது.” டப், டப், டப் என்று பத்துப் பதினைந்து முறை, பார்க்காமலேயே. எனக்குத் தெரிந்து அப்பா வாழ்நாள் முழுக்க பிளாஸ்டிக் ரேஸர்தான். “எங்க கத்துக்கிட்டீங்க?” என்றேன். “சின்ன வயசுல தீட்டிக் கொடுப்பேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்திக்குத் திரும்பினார்.

முடியைப்போல மென்மையான ஒன்று எஃகை எப்படி மழுங்கச் செய்கிறது என்பது எளிய கேள்வி இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். எஃகைவிட முடி ஏறத்தாழ 50 மடங்கு மிருதுவானது. ஆனால் கூர்முனையின் எஃகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நுண்ணளவில் உறுதி மாறுகிற இடத்தில், முடி சாய்வாக வந்து அழுத்தும்போது, விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்கிறது. கூர் தேய்ந்து போவதைவிட உடைந்து போகிறது. அவர்கள் ஆராய்ந்தது தூக்கியெறியும் பிளேடுகளை. ஆனால் நல்ல சவரக் கத்திக்குச் சீரான எஃகு வேண்டும் என்பதைக் கத்தி செய்தவர்கள் முன்னூறு ஆண்டுகளாகவே அறிந்திருந்தார்கள். சில்வர் ஸ்டீல் என்ற சொல்லின் கதையும் அந்தத் தேடலில்தான் தொடங்குகிறது.

ஷெஃபீல்டுக்கு அருகே 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், எஃகை மண் மூசையில் முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதற்கு முன் எஃகு உருகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும், ஓரிடம் கடினம், ஓரிடம் மென்மை. உருகினால் சீராகும். உள்ளூர்க் கத்திக்காரர்கள் முதலில் அவருடைய எஃகை ‘ரொம்பக் கடினம்’ என்று தொடவில்லை. அவர் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் வந்து விற்ற பிறகுதான் ஷெஃபீல்டுக்கு புத்தி வந்தது.

மூசையில் எஃகு உருவாக்குவது தென்னிந்தியாவில் அப்போதே மிகப் பழைய தொழில். 1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலெனஸ் ஸ்காட் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசஃப் பேங்க்ஸுக்குச் சில எஃகுக் கட்டிகளை அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப்பற்றி வாசித்த கட்டுரையில்தான் ‘வூட்ஸ்’ என்ற பெயர் அறிவியலுக்குள் நுழைகிறது. கன்னட, தெலுங்கு ‘உக்கு’வைத் தப்பாக எழுதியதால் வந்த சொல் என்பது பொதுவான விளக்கம். நம் ‘உருக்கு’ அதன் பக்கத்து வீட்டுக்காரன்.

லண்டனில் ஸ்ட்ராண்ட் தெரு 401ஆம் எண்ணில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் கத்திக்கடை வைத்திருந்தார். அறுவை மருத்துவக் கருவிகளும் சவரக் கத்திகளும் அவருடைய சரக்கு. இந்திய வூட்ஸ் எஃகில் செய்தவை, ஐரோப்பாவின் சிறந்த எஃகையும் விட அதையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையிலேயே அச்சடித்திருந்தார். அவர் 1818 வாக்கில் கூட்டுச் சேர்ந்தது ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளராக இருந்த ஓர் இளைஞரோடு. கொல்லர் மகன், பெயர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் அவர் புகழ் பெற இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது.

ஃபாரடே 1819இல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்து, அதன் தரத்துக்கு அலுமினியம்தான் காரணம் என்று முடிவுகட்டினார். தப்பு. காரணம் பெரும்பாலும் கரிமம், ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. ஆனால் அந்தத் தப்பிலிருந்து ஒரு நல்ல யோசனை பிறந்தது: எஃகோடு வேறு உலோகங்களைக் கலந்தால் என்ன? பிளாட்டினம், ரோடியம், நிக்கல், வெள்ளி என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். வெள்ளி முரண்டுபிடித்தது. அதிகம் போட்டால், எஃகு ஆறும்போது வியர்வைத் துளிபோல் வெளியே வந்து நின்றது. 500 பங்குக்கு ஒரு பங்கு மட்டும் போட்டபோது உள்ளேயே தங்கியது, கத்திக்கும் நன்றாக இருந்தது. 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். தம் எஃகில் செய்த சவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார். ஷெஃபீல்டில் கிரீன், பிக்ஸ்லே நிறுவனம் இந்தக் கலவைகளில் பொருள் செய்து பார்த்தது. 1823இல் ஸ்டோடார்ட் இறந்தார். ஃபாரடே வேறு பக்கம் போனார். அவர் பாதுகாத்து வைத்திருந்த 79 மாதிரித் துண்டுகளை 1931இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் ஆராய்ந்தபோதுதான் உலகத்துக்கு மீண்டும் இது நினைவு வந்தது.

ஆனால் சொல் தங்கிவிட்டது. சில்வர் ஸ்டீல் என்று பொறித்தால் கத்தி விற்கும் என்பதைக் கம்பெனிகள் கண்டுகொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஷெஃபீல்டிலிருந்து அந்த முத்திரையோடு கத்திகள் வந்தன. பெரும்பாலானவற்றில் வெள்ளி என்பது பேச்சுக்குத்தான். இன்றைக்கும் பிரிட்டனில் ‘சில்வர் ஸ்டீல்’ என்று ஒரு கருவி எஃகு விற்கிறார்கள். அதிலும் வெள்ளி கிடையாது, பளபளப்பைப் பார்த்து வைத்த பெயர்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சபலம் வரும். எனக்கும் வந்தது. ‘உலகத்துக்குச் சவரக் கத்தி கொடுத்ததே தமிழன்தான்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதிவிடலாம். கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் மூசைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, ஆதாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஷெஃபீல்ட் கத்திகள் பெரும்பாலும் சுவீடன் இரும்பிலிருந்து ஹன்ட்ஸ்மன் முறையில் செய்தவை. வூட்ஸில் கரிமம் அதிகம், அதைச் சூடாக்கி அடித்து வடிவாக்குவது ஐரோப்பியக் கொல்லர்களுக்குப் பெரும்பாடு. ஸ்டோடார்ட்டைப்போல் ஒரு சிலர் தவிர யாரும் பெரிய அளவில் பயன்படுத்தவில்லை. பாட்டியின் வெள்ளியும் இந்தப் பெருமையும் ஒரே முத்திரைதான்.

நமக்கு உண்மையான தொடர்பு வேறொன்று இருக்கிறது. அதில் பெருமைப்பட ஏதுமில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் அனுப்புவதில்லை.

ஜோசையா மார்ஷல் ஹீத், சென்னை மாகாணத்தில் கம்பெனி அதிகாரி. சேலத்து உருக்குக்காரர்களைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிவைத்தவர்களில் ஒருவர். இரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையோடு சின்ன மண் மூசையில் இட்டு, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கி, கரி மூட்டி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் ஒரு சிறு எஃகுக் கட்டி. ஆவாரையும் எருக்கும்! வேலியோரத்துச் செடிகளின் லத்தீன் பெயர்களைக்கூட எழுதினார் ஹீத். துருத்தி ஊதியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

சேலம் இரும்புத்தாதுவை ஐரோப்பிய முறையில் உருக்க, ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். கம்பெனியிடம் கடன், கரிக்காகக் காடு, ஆற்றுவழியாகத் தாது. பணம் கரைந்தது, ஆலை தடுமாறியது. அவர் ஷெஃபீல்ட் போய்ச் சேர்ந்தார். அங்கே 1839இல் ஒரு காப்புரிமை எடுத்தார்: மூசை எஃகில் சிறிதளவு மாங்கனீசுக் கலவையைச் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும். கிடைத்தது. ஷெஃபீல்ட் எஃகின் விலையே இறங்கியது. ஆனால் அவருடைய முகவராக இருந்த அன்வின், கலவையை வெளியே செய்யாமல் அதன் மூலப்பொருள்களை நேரடியாக மூசைக்குள் போட்டு, ‘இது காப்புரிமையில் இல்லை’ என்றார். வழக்கு பல ஆண்டு இழுத்து, 1855இல் பிரபுக்கள் சபையில் அன்வின் பக்கம் தீர்ந்தது. ஹீத் அதற்குள் இறந்துவிட்டார்.

ஹீத்துக்காக ஆங்கிலத்தில் இரங்கி எழுதியவர்கள் நிறைய. சேலத்தில் என்ன ஆனது? மலிவான பிரிட்டிஷ் இரும்பு வந்து இறங்கியது. 1882இன் சென்னை வனச்சட்டத்துக்குப் பிறகு கரிக்கு விறகு வெட்டுவதே குற்றத்துக்குப் பக்கத்தில் போனது. நூற்றாண்டு முடிவதற்குள் உலைகள் அணைந்தன.

ஷெஃபீல்டிலும் கத்தி செய்தவனுக்குச் சுகமில்லை. சவரக் கத்தியின் இரு பக்கத்தையும் குழிவாகச் சாணை பிடிப்பதுதான் தொழிலின் உச்சம். நன்றாகக் குழித்த அலகை நகத்தால் தட்டினால் மணி மாதிரிப் பாடும். சாணைக்காரர்கள் சுழலும் கல்லின் முன்னால் குதிரையில் ஏறியதுபோல் கால்பரப்பி உட்கார்ந்து, கல்தூளையும் எஃகுத்தூளையும் நாளெல்லாம் சுவாசித்தார்கள். ‘சாணைக்காரர் இளைப்பு’ என்று அந்த நோய்க்குப் பெயரே உண்டு. உலர்சாணைக்காரர்கள் 35 வயதைக் காண்பதே அரிது, நீர்ச்சாணைக்காரர்கள் 45ஐத் தாண்டுவது அரிது என்று ஓர் உள்ளூர் மருத்துவரின் கணக்கை 1845இல் எங்கெல்ஸ் எடுத்துக்காட்டுகிறார். தூசியை உறிஞ்சும் விசிறி வந்தபோது அதை எதிர்த்த சாணைக்காரர்களும் இருந்தார்கள். ஆயுள் கூடினால் ஆள் பெருகும், கூலி குறையும் என்பது அவர்கள் வாதம். இதைப் படித்த அன்று எனக்குச் சவரம் செய்ய மனம் வரவில்லை.

பிறகு ஜில்லெட் வந்தார். 1903இல் விற்றவை 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கில் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. ஊர் திரும்பியவர்கள் தாமே சவரம் செய்துகொண்டார்கள். கூர் காக்கத் தெரியவேண்டிய அவசியம் போனது. முடிதிருத்தும் கடைகளில் மட்டும் மடக்குக் கத்தி இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. எச்.ஐ.வி. பயம் வந்த பிறகு அங்கேயும் பாதி பிளேடு செருகும் பிடிதான். பார்ப்பதற்கு அதே கத்தி, தீட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2009இல் இந்திய முடிதிருத்தும் கடை, ஜவுளி, நகைத்தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பது நிறுத்தப்பட்டது. 2023இல்தான் 7,500 பேருக்கு மீண்டும் அனுமதி என்று அறிவித்தார்கள். நடுவே பதினாலு வருஷம், ‘உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வரமாட்டேங்கிறாங்க’ என்று தமிழ்ப் பத்திரிகைகளில் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார்கள். சம்பளம் போதாது, நேரம் அதிகம், பயிற்சி இல்லை என்று காரணம் அடுக்கினார்கள். என் வாத்தியார் கேட்ட கேள்வியை யாரும் ஒரு காரணமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. மலாய், சீன இளைஞர்கள் திறக்கிற ‘பார்பர்ஷாப்’ வாசலில் நம் பையன்கள் முப்பது நாற்பது ரிங்கிட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். வெட்டிக்கொள்வதில் அவமானம் இல்லை.

போன ஆண்டு, உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை செய்யும் நண்பனிடம் கத்தியைக் கொடுத்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்-ரே கருவி. வெட்ட வேண்டாம், சுரண்ட வேண்டாம், அலகில் வைத்து அழுத்தினால் திரையில் பட்டியல் வரும். இரும்பு. கொஞ்சம் மாங்கனீசு. வெள்ளி என்ற வரியே இல்லை. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தான். “இதுக்கா இவ்ளோ பில்டப்பு?” என்றான். கரிமத்தை அந்தக் கருவியால் பார்க்க முடியாது. அந்தச் சிறு மாங்கனீசு எண்ணைத்தான் நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீத்துக்குப் பிறகு மாங்கனீசு இல்லாத எஃகு அநேகமாகக் கிடையாது, ஆகவே அது எதையும் நிரூபிக்கவில்லை.

பாட்டி இப்போது இல்லை. அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைநிமிராமல் சொன்னார்: “வெள்ளி இருந்திருந்தா ஜப்பான்காரன் காலத்துலயே ஒங்க தாத்தா அத வித்துருப்பாரு. அஞ்சு புள்ளைங்க.” கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார். “நல்ல கத்தி அது. ஒரு நாளைக்கி முப்பது பேரு.”

அவர் வாயால் அந்தக் கணக்கைக் கேட்டது அதுதான் முதல் தடவை. முப்பது பேரும் யார் யார், எங்கே உட்காரவைத்துச் செய்தார், காசா அரிசியா என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னார். அன்று இரவு பதினொன்றரை வரை பேசினார்.